கந்தகம் இல்லாத கந்தக பூமி

விருதுநகர் மாவட்டத்துக்கு, குறிப்பாகச் சிவகாசிக்கு, 'கந்தக பூமி' என்று ஒரு பெயர் உண்டு. மேடைப் பேச்சாளர்களும் பத்திரிகைக்காரர்களும் விரும்பிச் சொல்லும் பெயர். ஆனால் அந்த மண்ணை எவ்வளவு தோண்டினாலும் பட்டாசுக்கு வேண்டிய கந்தகம் கிடைக்காது! இந்தியாவில் இன்று கிடைக்கும் கந்தகம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் துணைப்பொருள். போதாததற்கு இறக்குமதி.

மாவட்டத்தின் மண்ணில் இருப்பது வேறு. பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் உண்டு. அதை நம்பி 1960-களின் தொடக்கத்தில் ராமசாமி ராஜா நகரில் சிமெண்ட் ஆலை வந்தது. மற்றபடி பெரும்பாலும் கரிசல். தக்காணத்துக் கரிசலைப்போல எரிமலைக் குழம்பில் பிறந்த பெருமைகூட இதற்கு இல்லை, பழைய பாறைகள் சிதைந்து உண்டானது.

மூலப்பொருள் கிடைக்கும் இடத்தில்தான் தொழிற்சாலை அமையும் என்று வணிகவியல் பாடப்புத்தகங்கள் சொல்லும். சிவகாசி அதைப் பொய்யாக்கிய ஊர். சண்முக நாடாரும் அய்ய நாடாரும் 1920-களில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியபோது, ஊரில் இருந்தது வறட்சியும் வேலை தேடும் கைகளும்தான். அந்த வறட்சியே முதலானது. ஈரக்காற்றில் மருந்து நமத்துப் போகும், சிவகாசி வெயிலில் சீக்கிரம் காயும். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் வந்தது.

சரி, எரிமலைக்கும் சிவகாசிக்கும் சம்பந்தமே இல்லையா? உண்டு, ஆனால் அது ஆந்திரத்தில் இருக்கிறது. ராயலசீமையின் வறண்ட பகுதியில், ரயில்வே கோடூர் அருகே மங்கம்பேட்டை என்ற ஊர். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு எரிமலைச் சாம்பல் படிந்து இறுகிய பாறைகளோடு பேரைட் என்ற கனிமம் அங்கே அடுக்காகக் கிடக்கிறது. இந்தியாவின் பேரைட் வளத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் ஆந்திரத்தில்தான், அதில் பெரும்பங்கு இந்த ஒரே இடத்தில். கையில் எடுத்தால் சாதாரணக் கல்லைவிட நன்றாகவே கனக்கும். அந்தக் கனத்துக்காகவே எண்ணெய்க் கிணறு தோண்டுபவர்கள் இதைப் பொடியாக்கிச் சேற்றில் கலக்கிறார்கள்.

பேரியம் என்ற உலோகத்தின் முக்கியத் தாது பேரைட்தான். நிலக்கரியோடு சேர்த்துச் சூளையில் சுட்டு, பிறகு படிப்படியாக மாற்றினால் பேரியம் நைட்ரேட் ஆகும். கம்பி மத்தாப்பு, பூச்சட்டி, சங்குசக்கரம் எல்லாவற்றிலும் பல காலம் இதுதான் முக்கிய மருந்து. வாணத்தின் பச்சை வெளிச்சமும் பேரியம் தருவதே.

பேரியம் உப்புகள் பல நஞ்சானவை, புகையோடு காற்றில் கலக்கின்றன. 2018 அக்டோபர் 23 அன்று உச்சநீதிமன்றம் பட்டாசில் அவற்றுக்குத் தடை விதித்தது. 2021-ல் தடையை மீண்டும் உறுதி செய்தது. நீரி ஆய்வு நிறுவனம் 'பசுமைப் பட்டாசு'க்கு மாற்றுக் கலவைகளைத் தந்தது.

இதில் நஷ்டம் யாருக்கு? மங்கம்பேட்டைக்கு ஒன்றும் பெரிதாக இல்லை. அதன் பேரைட்டில் பெரும்பகுதி எண்ணெய்க் கிணறுகளுக்குத்தான் போகிறது. சிவகாசியிலோ 2018 நவம்பரில் ஆலைகள் மூடப்பட்டு, மாதக்கணக்கில் பூட்டியே கிடந்தன. அன்றாடக் கூலியை நம்பிய தொழிலாளர்கள் மனு எழுதிக்கொண்டு விருதுநகர் கலெக்டர் அலுவலகத்துக்குப் போய் நின்றார்கள்.