ஜார் (கோப்பு வடிவம்)

ஜார் என்பது ஜாவா நிரல்மொழியில் எழுதப்பட்ட மென்பொருள்களைப் பொதிந்து வழங்கப் பயன்படும் கோப்பு வடிவம் ஆகும். 'ஜாவா ஆர்க்கைவ்' என்பதன் சுருக்கமே இப்பெயர். மொழிமாற்றப்பட்ட வகுப்புக் கோப்புகள், படங்கள், அமைவுக் கோப்புகள் முதலியன இதில் ஒரே கோப்பாக அடக்கப்படுகின்றன. எழுதியவரின் கணினியில் இயங்கும் நிரல் பிறிதொரு கணினியிலும் இயங்குமா என்பது, இப்பொதியினுள் என்ன இடப்பட்டுள்ளது, அதைப் பற்றி என்ன அறிவிக்கப்பட்டுள்ளது என்பவற்றைப் பெரிதும் பொறுத்துள்ளது.

வரலாறு

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1997 இல் வெளியிட்ட ஜேடிகே 1.1 பதிப்பில் ஜார் அறிமுகமானது. அதற்கு முன்னர், இணையப் பக்கங்களில் இயங்கிய ஆப்லெட்டுகளின் ஒவ்வொரு வகுப்புக் கோப்பையும் உலாவி பொதுவாகத் தனித்தனியே கேட்டுப் பெறவேண்டியிருந்தது. பல கோப்புகளை ஒன்றாக்கிச் சுருக்கி அனுப்பியதால் இத்தாமதம் குறைந்தது. இதற்கெனப் புதிய வடிவம் வகுக்கப்படவில்லை. 1989 முதல் வழக்கிலிருந்த ஜிப் வடிவமே அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. ஆகவே ஜிப் கோப்பைத் திறக்கும் மென்பொருள்களால் ஜார் கோப்பையும் திறந்து பார்க்கலாம்.

அமைப்பு

ஜார் கோப்பினுள் வகுப்புக் கோப்புகள் அவற்றின் தொகுதிப் பெயருக்கு ஒத்த அடைவுகளில் இருத்தல் வேண்டும். 'மெட்டா-இன்ஃப்' என்னும் சிறப்பு அடைவில் மேனிஃபெஸ்ட் எனப்படும் உரைக்கோப்பு இடம்பெறும். இதன் முக்கிய விவரங்கள் இரண்டு.

* மெயின்-கிளாஸ்: நிரல் எந்த வகுப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்பதைக் குறிக்கும். இது இல்லாத ஜார் கோப்பை நேரடியாக இயக்க இயலாது.
* கிளாஸ்-பாத்: தேவைப்படும் பிற ஜார் கோப்புகளின் இருப்பிடத்தை, இந்த ஜார் உள்ள இடத்தைக் கொண்டு குறிக்கும்.

மேனிஃபெஸ்ட் கோப்பின் ஒரு வரி 72 பைட்டுகளை மிஞ்சலாகாது. மிஞ்சினால் அடுத்த வரியை ஓர் இடைவெளியுடன் தொடங்கித் தொடர வேண்டும். கடைசி வரியின் முடிவில் புதுவரிக் குறி இல்லாவிடின் அவ்வரி சரியாக வாசிக்கப்படாமல் போகலாம். மேலும், ஜார் கோப்பை நேரடியாக இயக்கும்போது கட்டளை வரியில் தரப்படும் வகுப்புத்தடம் புறக்கணிக்கப்படும். தொடக்கநிலை நிரலாளர் பலர் தடுமாறும் இடம் இது.

மொழிமாற்ற வெளியீடு

மூலநிரலையும் வெளியீட்டையும் தனித்தனி அடைவுகளில் வைப்பதே வழக்கம். மேவன் கருவி வகுப்புக் கோப்புகளையும் ஜார் கோப்பையும் 'டார்கெட்' அடைவிலும், கிரேடில் கருவி 'பில்ட்' அடைவிலும் இடுகின்றன. இதனால் வெளியீட்டை முழுவதும் அழித்து மீண்டும் உருவாக்குவது எளிதாகிறது.

ஒவ்வொரு வகுப்புக் கோப்பும் தன் பதிப்பு எண்ணைத் தாங்கியுள்ளது. ஜாவா 8 இற்கு 52, ஜாவா 11 இற்கு 55, ஜாவா 17 இற்கு 61 என்பன அவ்வெண்கள். புதிய பதிப்பில் உருவாக்கிய கோப்பைப் பழைய பதிப்பு ஏற்காது. எண்ணை மட்டும் குறைத்து அமைப்பதும் போதாது. புதிய பதிப்பின் நூலகத்தை நோக்கி மொழிமாற்றப்பட்ட நிரல், பழைய பதிப்பில் இல்லாத செயற்கூறை அழைத்து இடையில் நின்றுவிடக்கூடும். இதனைத் தவிர்க்க, எண்ணையும் நூலகத்தையும் ஒருங்கே கட்டுப்படுத்தும் 'ரிலீஸ்' என்னும் தெரிவு ஜாவா 9 இல் (2017) சேர்க்கப்பட்டது.

சார்பு நூலகங்கள்

ஒரு ஜாருக்குள் வைக்கப்பட்ட மற்றொரு ஜாரை ஜாவாவின் இயல்பான வகுப்பேற்றி வாசிப்பதில்லை. எனவே நூலகங்களைத் தனி அடைவில் உடன் வழங்குவது ஒரு முறை. அவற்றைப் பிரித்து ஒரே ஜாராகக் கலப்பது மற்றொரு முறை. இது 'கொழுத்த ஜார்' எனப்படும். கலக்கும்போது ஒரே பெயருள்ள கோப்புகள் ஒன்றன்மேல் ஒன்று எழுதப்படலாம். கையொப்பமிடப்பட்ட நூலகங்களின் கையொப்பக் கோப்புகள் எஞ்சினால், அவை புதிய உள்ளடக்கத்துடன் பொருந்தாமையால் நிரல் இயங்க மறுக்கும். ஸ்பிரிங் பூட் தனக்கென ஒரு வகுப்பேற்றியைக் கொண்டு உள்ஜார்களை வாசிக்கிறது.

பாதுகாப்பு

2021 திசம்பரில் லாக்4ஜே நூலகத்தில் கடும் பாதுகாப்புக் குறைபாடு வெளியானபோது பொதியின் உள்ளடக்கத்தை அறிதலின் தேவை தெளிவாயிற்று. அந்நூலகம் பல மென்பொருள்களில் ஜாருக்குள் ஜாராகவோ, கலந்த நிலையிலோ மறைந்திருந்தது. கோப்புப் பெயரை மட்டும் தேடியவர்களுக்கு அது புலப்படவில்லை. உடனே புதிய பதிப்புக்கு மாற இயலாதோர்க்கு, குறைபாட்டுக்குக் காரணமான ஒரு வகுப்புக் கோப்பை ஜாரிலிருந்து நீக்கிவிடும் வழி கூறப்பட்டது. ஜார் ஒரு ஜிப் கோப்பாக இருப்பதே இதனை இயல்வதாக்கியது.

தொடர்புடைய வடிவங்களும் கருவிகளும்

வலைச் செயலிகளுக்கு வார் வடிவமும், பெருநிறுவனச் செயலிகளுக்கு இயர் வடிவமும் பயன்படுகின்றன. ஜார் கோப்புகளை மேலும் சுருக்க 2004 இல் வந்த பேக்200 முறை, ஜாவா 14 இல் (2020) நீக்கப்பட்டது. ஜார் கோப்பை இயக்கப் பயனரின் கணினியில் ஜாவா இருத்தல் வேண்டும். ஜாவா 11 இலிருந்து ஆரக்கிள் நிறுவனம் தனி இயக்கச்சூழலை வழங்குவதில்லை. எனவே தேவையான கூறுகளை மட்டும் கொண்ட இயக்கச்சூழலை ஜேலிங்க் கருவியால் அமைத்து உடன் வழங்கலாம். ஜாவா 16 இல் (2021) நிலைபெற்ற ஜேபேக்கேஜ் கருவி, விண்டோஸ், லினக்ஸ், மேக் இயங்குதளங்களுக்கு உரிய நிறுவற்பொதிகளை உருவாக்குகிறது. எனினும் இப்பொதிகள் ஒவ்வொன்றும் அந்தந்த இயங்குதளத்திலேயே உருவாக்கப்பட வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* ஜாவா நிரல்மொழி
* ஜிப் கோப்பு வடிவம்
* அப்பாச்சி மேவன்