வீட்டுச் சாவியும் பட்டாளத்து உத்தரவும்

செரண்டா, ரவாங் தாமான்களில் வீடு வாங்கி வாடகைக்கு விடும் நம்மவர்களுக்கு ஒரே ஆசைதான். அரசாங்கச் சம்பளக்காரர் குடிவர வேண்டும். அதிலும் ராணுவத்தார் என்றால் மாதம் பிறந்ததும் வாடகை கைக்கு வந்துவிடும். சரி, ஒப்பந்தத்தில் எட்டு மாதம் பாக்கியிருக்கும்போது அவருக்கு மாற்றல் உத்தரவு வந்தால்? வீட்டுக்காரர் வங்கிக்குத் தவணை கட்டியாக வேண்டும். சிப்பாயோ உத்தரவை மீற முடியாது. யார் பக்கம் நியாயம்?

இந்த வழக்கு நம் மண்ணுக்குப் புதிதல்ல. 1958-இல் பட்டர்வொர்த் விமானத்தளம் பிரிட்டிஷாரிடமிருந்து ஆஸ்திரேலிய விமானப்படையின் கைக்கு வந்தது. அதிகாரிகளின் குடும்பங்கள் பல பினாங்குத் தீவில், தஞ்சோங் பூங்கா பக்கம் குடியிருந்தன. ஆண்கள் பெர்ரி ஏறி வேலைக்குப் போனார்கள். பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம். வீட்டு வேலைக்கு உள்ளூர்ப் பெண்கள். ஒரு குடும்பம் ஊர் திரும்பினால் இன்னொன்று வந்து இறங்கும். ஆகவே வீட்டுக்காரர் நம்பியது குடியிருந்தவரை அல்ல, தளத்தை! 1988-இல் கடைசி மிராஜ் விமான அணி கலைக்கப்பட்டது, பள்ளியும் மூடப்பட்டது. அந்த வரிசை அத்தோடு நின்றது.

சிங்கப்பூர் பட்ட அடி இதைவிடப் பெரிது. செரங்கூன் கார்டன் போன்ற இடங்களில் பிரிட்டிஷ் ராணுவக் குடும்பங்கள் நிறைய இருந்தன. 1970-களின் நடுவில் வெளியேறுவதாக 1967-இல் சொன்ன பிரிட்டன், 1968 ஜனவரியில் அதை 1971 என்று சுருக்கியது. தளங்களை நம்பியிருந்தது தீவின் பொருளாதாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அரசாங்கமே திகைத்தபோது, இரண்டு வீடு வைத்திருந்தவர் என்ன செய்வார்?

அமெரிக்கா இதற்குச் சட்டமே போட்டிருக்கிறது. 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 90 நாளுக்குக் குறையாமல் வெளியே அனுப்பப்படும் வீரர், உத்தரவின் நகலோடு எழுத்து மூலம் தெரிவித்தால் போதும். அடுத்த வாடகை நாளிலிருந்து 30 நாளில் ஒப்பந்தம் முடியும். அபராதம் கிடையாது.

இங்கே எல்லாம் கையெழுத்துப் போடும் தாளில்தான் இருக்கிறது. வெளிநாட்டு அதிகாரிகளுக்கு வீடு விடுவோர் மாற்றல் வந்தால் காலி செய்ய இடம் தரும் ஒரு விதியைச் சேர்ப்பார்கள்; பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குப் பிறகு, இரண்டு மாத முன்னறிவிப்போடு. நம் ராணுவத்தாருக்கும் அதை எழுதிக்கொள்ளத் தடையில்லை. எழுதாமல் விட்டால் வீட்டுக்காரர் கை முன்பணத்தின் மேல்தான் போகும். அதிலும், 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு நியாயமான இழப்பீடு என்றுதான் சொல்கிறது.