சைக்கிளை விட்டு இறங்காதவர்கள்

நிறுவன மேலாளர்களுக்குத் தலைமைப் பயிற்சி கொடுப்பது என் பிழைப்பு. மலேசியாவின் பந்திங் தோட்டத்துப் பிள்ளை நான். எங்கள் பக்கத்தில் தலைமை என்றால் முதலில் கங்காணிதான். ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்தவர், அந்த ஆட்கள் வேலைக்கு இறங்கும் நாளுக்கெல்லாம் தலைக்காசு வாங்கியவர். 1938இல் இந்திய அரசு ஆளனுப்புவதைத் தடுத்ததும் அந்த அதிகாரம் ஆட்டம் கண்டது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. முன்னின்ற ஆர். எச். நாதன் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றியவர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்டார்கள், சரி. வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம், கள்ளுக்கடையை மூடு என்றும் கேட்டார்களே! வேலைக்கு அர்த்தம் தேடும் என் பயிற்சித் தாள்கள் எதிலும் இவ்வளவு தெளிவில்லை.

மே மாதம் நாதன் கைதானார். படை வந்தது; துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். நாதனை இந்தியாவுக்கு நாடுகடத்தினார்கள்.