மறுவீட்டுச் சொதி

திருநெல்வேலிச் சீமையின் சைவ வேளாளர் இல்லங்களில், கலியாணம் முடிந்து முதல்நாள் விருந்தின் சாம்பாரும் பாயசமும் பட்சணங்களும் தந்த அலுப்பு தீராதிருக்கும் மறுநாளில், இரு குடும்பத்தாரும் மறுவீட்டுக்கென்று ஒரே பந்தியில் கூடி அமரும்போது இலையிற் சோற்றின்மேல் வார்க்கப்படும் சொதி என்னும் தேங்காய்ப்பாற் குழம்பு, பாட்டன் பூட்டன் காலந்தொட்டு இடையறாது வழங்கிவரும் புராதனமான பதார்த்தம் என்றே அந்தப் பிராந்தியத்தார் பலரும் நம்பி வருகின்றனர். மாப்பிள்ளைச் சொதி என்று அதற்குச் செல்லப் பெயரும் உண்டு. ஆயினும் அதனுள் கிடக்கும் காய்களை ஒவ்வொன்றாக எடுத்து அவற்றின் பூர்வோத்தரத்தை விசாரித்தோமானால், இன்று நாம் உண்ணும் உருவத்தில் அது அவ்வளவு பழமையானதாக இருக்க இயலாதென்பது தெளிவாகும்.

உருளைக்கிழங்கும் பச்சைமிளகாயும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். போர்த்துகீசியர் நம் கடற்கரைகளில் கால் வைத்த பின்னரே இத்தேசத்துக்கு வந்தவை. 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவரோடு அவர்கள் கொண்ட உறவும், 1658-இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரரின் வியாபாரமும் திருநெல்வேலிக் கரையைப் புதுப் பொருள்களுக்குப் பழக்கின. காரட்டும் பீன்ஸும் பட்டாணியும் பெருவாரியாகக் கிடைக்கலானது அதற்கும் வெகுகாலம் பின்னர். கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரி ஏறி, பின் உதகமண்டலத்தில் வீடு கட்டிக் குடியேறி, ஐரோப்பியக் காய்கறிகளை அம்மண்ணில் பயிரிடச் செய்ததும், பழனிமலைத் தொடரில் கொடைக்கானல் ஒரு வாசஸ்தலமாக உருப்பெற்றதும், 1876-இல் மதுரையிலிருந்து தூத்துக்குடி வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டதும் சேர்ந்தே, மலைக்காய்கள் வாடாமல் சமவெளியின் சந்தைக்கு வந்து சேரும் வழியை உண்டாக்கின. இங்கிலீஷ் காய்கறி என்னும் வழக்கு இன்றும் நம் சந்தைகளில் மறையவில்லை.

இவ்விடத்தில் ஆழ்ந்து நோக்கத்தக்க ஒரு விஷயம் உண்டு. ஆசாரம் மிகுந்த குடும்பங்களில் திவசத்தன்று உருளைக்கிழங்கையோ காரட்டையோ பீன்ஸையோ அடுப்பங்கரைக்குள் விடுவதில்லை. வாழைக்காய், சேனை, அவரை, பாகல் முதலான நாட்டுக் காய்களுக்கே அன்று இடம். மிளகாய்க்குப் பதில் மிளகு. முன்னோர்க்குப் படைக்கும் இலைக்கு ஆகாதவை என்று தள்ளிய அதே காய்களை, அதே குடும்பத்தார் சம்பந்திகளுக்கு அளிக்கும் பிரதான விருந்தில் மனமுவந்து சேர்த்திருக்கின்றனர். முகூர்த்த நாளின் சாப்பாடு சடங்கோடு பிணைந்து, இன்னின்ன கறி, இன்னின்ன பச்சடி என்று கிரமம் வகுக்கப்பட்டுவிட்டமையால் அதில் புதியதொன்று நுழைவது எளிதன்று. மறுநாள் விருந்தோ புரோகிதரின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது, பெண்வீட்டாரின் பிரியத்துக்கும் செல்வாக்குக்கும் உட்பட்டது. அக்காலத்தில் விலையேறிய அபூர்வப் பொருளாயிருந்த மலைக்காய்களைத் தருவித்துப் புது மாப்பிள்ளைக்குச் சமைத்துப் போடுவது பெருமைக்குரிய காரியமாயிருந்திருக்கும். அந்த வாசல் வழியாகவே சொதி தன் இன்றைய உருவில் கலியாண வீட்டுக்குள் வந்தது என்பது என் திடமான அபிப்பிராயம்.

எனினும் புதுக்காய்கள் வந்து அமர்ந்த ஆசனம் பழையது. தேங்காய்ப்பாலும், தோல் நீக்கிய பயற்றம்பருப்பும், இஞ்சியும், முருங்கைக்காயும், எலுமிச்சஞ்சாறும் எந்தக் கப்பலுக்கும் ரயிலுக்கும் காத்திருக்கவில்லை. அம்பாசமுத்திரம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணியின் இரு மருங்கிலும் நெல்லும் வாழையும் விளைவித்த இக்குடியினர்க்குத் தேங்காய் வீட்டுப் பொருள். தெற்கே நாஞ்சில் நாடும் மேற்கே செங்கோட்டைப் பகுதியும், 1956 நவம்பரில் தமிழ் நிலத்தோடு இணையும்வரை வேற்று ராஜ்யமாயிருந்தும், அவற்றின் தேங்காய் எல்லையை மதித்ததில்லை. கீழ்த்திசையில் கடலுக்கு அப்பாலும் இதே சமையல் உண்டு. யாழ்ப்பாணத்து வீடுகளில் இடியப்பத்துக்கு மஞ்சள் சேர்த்த சொதியும், சிங்களர் வீடுகளில் அதையொத்த கிரிஹொதியும் அன்றாட ஆகாரம். கொழும்பில் கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர்களே சொதியை இக்கரைக்குக் கொணர்ந்தனர் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அந்நாளில் எத்தனை நெருக்கம் இருந்ததென்பதற்கு, ஒட்டப்பிடாரத்து வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது அவ்விரு துறைகளையே தேர்ந்தெடுத்தது சாட்சி. ஆயினும், அக்கரையில் எளிய அன்றாடக் குழம்பாயிருப்பது இக்கரையில் பல காய்களும் பருப்பும் சேர்ந்து ஒரு விருந்தாகவே விரிந்தது இவ்வூர் அடுக்களைகளின் சாதனை.

அந்தச் சாதனையின் நுட்பம் பாலைப் பிழிவதில் இருக்கிறது. முற்றிய தேங்காயைத் திருவி ஆட்டுரலில் அரைத்து, நீர் அதிகம் விடாமல் துணியிலிட்டு முறுக்கிப் பிழிந்த தலைப்பாலைத் தனியே மூடி வைத்துவிட்டு, அதே சக்கையில் வெந்நீர் விட்டு இரண்டாம் பாலும், மறுபடி மூன்றாம் பாலும் எடுப்பார்கள். காய்களும் உரித்த சின்ன வெங்காயமும் பூண்டும் வேகவேண்டியது மூன்றாம் பாலில். வெந்தபின் குழைந்த பருப்பும், இஞ்சியும் பச்சைமிளகாயும் சேர்த்தரைத்த விழுதும், இரண்டாம் பாலும் சேரும். தலைப்பாலை விட்டபின் கொதிக்கவிடலாகாது; ஓரங்களில் நுரை கட்டி மேலே எழும்பும் அந்தக் கணத்திலேயே பாத்திரத்தை இறக்கிவிட வேண்டும், இல்லையேல் எண்ணெய் தனியாகவும் திப்பி தனியாகவும் பிரிந்து போகும். கலியாண வீட்டுத் தவசிப்பிள்ளை, கோட்டை அடுப்பில் எரியும் விறகைத் தலைப்பால் விடுவதற்கு முன்பே வெளியே இழுத்துத் தணலாக்கிவிட்டு, வார்ப்பின் விளிம்பைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நிற்பார். அப்போது வீட்டு எஜமானரே கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். எலுமிச்சையும் அடுப்பை விட்டிறங்கிச் சூடு சற்றே தணிந்த பின்னர்தான். புளியும் மிளகாய்வற்றலும் இதனருகே வருவதில்லை.

சொதி வைத்த நாளில் வேறு குழம்பு கிடையாது. தேங்காய்ப்பால் மந்தம் என்பதால் இஞ்சிப் பச்சடியும், மென்மைக்கு எதிராக மொறுமொறுப்பான உருளைக்கிழங்கு வறுவலும் இலையில் துணை நிற்கும். ரசத்தைக்கூடப் பலர் கேட்பதில்லை. நாலைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு இரண்டு தேங்காய் வேண்டியிருப்பதால் சிக்கனமான வீடுகளில் இது நினைத்தபோதெல்லாம் சமைப்பதாக இருந்ததில்லை; வெளியூரிலிருந்து மகள் வரும் நாளும், மருமகன் தங்கும் நாளுமே அதற்குரிய நாள்கள்.

இப்போது தேங்காய்ப்பால் பொடியாகவும் டப்பாக்களிலும் கிடைக்கிறது. நகரங்களில் குடியேறிய திருநெல்வேலிக் குடும்பங்கள் நேரமின்மையால் அதை நாடுவதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதை எடுத்தபடியே காயில் கொட்டிக் கொதிக்கவிடுவது பெரும் பிழை. டப்பாப் பாலிலும் ஒரு கரண்டியை நிறைய நீரில் கரைத்து மூன்றாம் பாலாக்கி அதில் காயை வேகவைத்து, கெட்டியான பாலைக் கடைசி வரை தனியே நிறுத்தி வைப்பவர்களுக்கே சொதி திரியாமல் வரும்.