கல்லூரித் தெரிவும் கேம்பிறிட்ஜும்

கேம்பிறிட்ஜில் எக்கல்லூரியை நாடுவதென மாணவனே முடிவுசெய்வது தொன்மையான வழக்கென்பர். வரலாறு அதற்கு இடந்தரவில்லை. ஆறாம் ஹென்றி மன்னன் 1441இல் நிறுவிய கிங்ஸ் கல்லூரி, முந்திய ஆண்டில் அவனே அமைத்த ஈற்றன் பாடசாலையின் மாணவர்க்கே விரைவில் உரியதாயிற்று. ஏனைய பாடசாலை மாணவன் ஒருவன் அங்குப் புகுந்தது 1865இலேதான். நான்கு நூற்றாண்டுகளாகத் தெரிவு பாடசாலை வாயிலிலேயே முடிந்துவிட்டது. (1851 வரை கிங்ஸ் மாணவர் பல்கலைக்கழகப் பரீட்சைக்குத் தோற்றாமலே பட்டம் பெற்றமை விந்தையே!)

பெண்களின் தெரிவோ மிகக் குறுகியது. இளமாணி வகுப்பை நாடியவர்க்கு 1869இல் தோன்றிய கேர்ட்டன், 1871இன் நியூனம், 1954இன் நியூ ஹோல் என மூன்றே நெடுங்காலம் வாய்த்தன. முழு உரிமையுள்ள பட்டமும் 1948இலேயே கிட்டியது. ஆடவர் கல்லூரிகளுள் கிங்ஸ், கிளெயர், சேர்ச்சில் ஆகியன 1972இற் பெண்களை ஏற்றன. ஈற்றன் மாணவர்க்கென ஒதுக்கப்பட்டிருந்த கல்லூரியே முன்வந்தோருள் ஒன்றாயிருந்தமை நோக்கத்தக்கது. மோட்லின் கல்லூரி 1988 வரை இணங்கவில்லை.