பெஸ்ட்செல்லர் பட்டியல்: கணக்கா, கருத்தா?

இப்போது எல்லாரும் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டால் நமக்கு உடனே ஒரு பட்டியல் கிடைத்துவிடும். ஒரு இளவரசரின் சுயசரிதை, ஒரு நடிகையின் வாழ்க்கைக் கதை, ஒரு துப்பறியும் நாவல், நடுவில் ஒரு சூப்பர் ஹீரோ காமிக்ஸ் தொகுப்பு. 1, 2, 3 என்று எண் போட்டு வரிசையாக இருப்பதால், யாரோ உட்கார்ந்து எண்ணித்தான் போட்டிருப்பார்கள் என்று நாமும் நம்பிவிடுகிறோம். டேட்டாபேஸோடு மாரடிக்கிற வேலையில் இருப்பவன் என்பதால், எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் எனக்கு முதலில் தோன்றும் கேள்வி: "இதுக்கு இன்புட் எங்கேருந்து வருது?" அமெரிக்கப் புத்தகப் பட்டியல்களை இந்தக் கேள்வியோடு தோண்டினால் நிறைய கதைகள் கிடைக்கின்றன. ஒருவர் இதற்காக கோர்ட் படியே ஏறியிருக்கிறார்.

பட்டியல் என்று ஒன்று வருவதற்கு முன்பே பிரபலங்களின் சுயசரிதை அங்கே பெரிய வியாபாரம். உள்நாட்டுப் போரை வென்ற தளபதி, இரண்டு முறை ஜனாதிபதி, யுலிஸஸ் கிராண்ட். 1884இல் வால் ஸ்ட்ரீட் கூட்டாளி ஒருவர் செய்த மோசடியில் மொத்தப் பணமும் போய்விட்டது. அதே வருஷம் தொண்டைப் புற்றுநோய். குடும்பத்துக்கு ஏதாவது விட்டுப்போக வேண்டும் என்று நினைவுக் குறிப்புகளை எழுத உட்கார்ந்தார். வெளியிட்டது மார்க் ட்வைனின் பதிப்பகம். எழுதி முடித்த சில நாட்களில், 1885 ஜூலை 23 அன்று, கிராண்ட் இறந்துபோனார். இரண்டு தொகுதிகள் கொண்ட அந்தப் புத்தகம் 3 லட்சம் செட்டுக்கு மேல் விற்றது. மனைவி ஜூலியாவுக்கு வந்த முதல் காசோலையே 2 லட்சம் டாலர்.

ஆனால் அதில் ஏறக்குறைய எதுவுமே புத்தகக் கடையில் விற்கவில்லை. முகவர்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி முன்பதிவு வாங்கினார்கள். அவர்களில் பலர் முன்னாள் போர்வீரர்கள். தளபதியின் புத்தகத்தைத் தளபதியின் சிப்பாயே வந்து கொடுத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? அந்தக் காலத்தில் பெஸ்ட்செல்லர் பட்டியல் ஒன்று இருந்திருந்தாலும் கிராண்ட் அதில் வந்திருக்க மாட்டார். கடைகளை மட்டும் எண்ணுகிற பட்டியலுக்குக் கடைக்கு வெளியே நடப்பது தெரியாது. இந்தக் கோளாறு பின்னால் திரும்பத் திரும்ப வரும்.

பட்டியல் பிறந்தது 1895இல். 'தி புக்மேன்' என்ற இலக்கிய மாதப் பத்திரிகை பல நகரங்களின் கடைக்காரர்களிடம் "உங்க ஊர்ல எதுக்கு கிராக்கி?" என்று கேட்டு, ஊர்வாரியாகப் போட ஆரம்பித்தது. நியூயார்க் டைம்ஸ் 1931 அக்டோபரில் இதில் இறங்கியது. அப்போது நியூயார்க் நகரத்துக்கு மட்டும்தான்: ஐந்து புனைவு, நான்கு அபுனைவு. தேசிய அளவிலான பட்டியல் 1942 ஆகஸ்டில் வந்தது. முறை மட்டும் மாறவே இல்லை. சில கடைகளைத் தேர்ந்தெடுத்துக் கேட்பது, அவர்கள் சொல்வதை எடுத்துக்கொண்டு தொகுப்பது. கடைக்காரர் தன் கிடங்கில் தேங்கிக் கிடப்பதை "நல்லா போகுது சார்" என்று சொன்னால் அதைக் கண்டுபிடிக்க வழி கிடையாது.

இதைத்தான் ஜீன் ஷெப்பர்ட் பிடித்துக்கொண்டார். 1956இல் நியூயார்க்கின் டபிள்யூ.ஓ.ஆர். வானொலியில் நள்ளிரவு நிகழ்ச்சி நடத்திவந்தவர். ஒருமுறை ஒரு கடையில் போய் ஒரு புத்தகத்தைக் கேட்டிருக்கிறார். பட்டியலில் இல்லையே, அப்படி ஒரு புத்தகமே கிடையாது என்று கடைக்காரர் சாதித்திருக்கிறார். மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. தன் நேயர்களிடம் கேட்டார்: இல்லாத ஒரு புத்தகத்தை நாம் எல்லாரும் போய்க் கேட்டால் என்ன ஆகும்? தலைப்பு, 'ஐ, லிபர்டைன்'. ஆசிரியர், ஃப்ரெடரிக் ஆர். யூயிங். அவருக்கு ஜாதகமே எழுதினார்கள்: ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி, பதினெட்டாம் நூற்றாண்டு சிருங்கார இலக்கியத்தில் கரைகண்டவர்.

நேயர்கள் மறுநாளே கிளம்பிவிட்டார்கள். ஒரு கடையில் ஒருவர் கேட்டால் விற்பனையாளர் உதட்டைப் பிதுக்குவார். நாலு பேர் வந்து கேட்டால் மொத்த வியாபாரிக்கு போன் போடுவார். மொத்த வியாபாரி பதிப்பகங்களில் விசாரிப்பார். கொஞ்ச நாளில் 'அதைப் படித்துவிட்டேன்' என்று சொல்பவர்கள் விருந்துகளில் முளைத்துவிட்டார்கள். (இந்த ரகம் எல்லா ஊரிலும் உண்டு, நம் இலக்கியக் கூட்டங்கள் உட்பட.) வால் ஸ்ட்ரீட் ஜர்னல் விஷயத்தை ஆகஸ்ட் மாதம் போட்டு உடைத்தது. ஆனால் அதற்குள் பேலன்டைன் பதிப்பகத்தின் இயன் பேலன்டைனுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. இவ்வளவு கிராக்கி உள்ள புத்தகத்தை எழுதிவிட்டால் போச்சு! அறிவியல் புனைகதை எழுத்தாளர் தியோடர் ஸ்டர்ஜனை உட்காரவைத்து ஒரே மூச்சில் எழுத வைத்தார்கள். கடைசியில் அவர் களைத்துத் தூங்கிப்போக, முடிவை எழுதியவர் இயனின் மனைவி பெட்டி பேலன்டைன். செப்டம்பரில் புத்தகம் கடைக்கு வந்தது. ஷெப்பர்ட் நிரூபிக்க வந்தது ஒன்று, நடந்தது வேறு. பட்டியல் பொய் என்று காட்டப்போய், தேவை இருந்தால் பொருளே பின்னால் பிறக்கும் என்று காட்டிவிட்டார்.

ஷெப்பர்டுக்கு இது விளையாட்டு. வில்லியம் பீட்டர் பிளாட்டிக்கு அப்படி இல்லை. 'தி எக்ஸார்சிஸ்ட்' எழுதியவர். 1983இல் 'லீஜன்' என்ற அடுத்த நாவல் வந்தது. நன்றாகவே விற்கிறது, ஆனாலும் டைம்ஸ் பட்டியலில் உரிய இடம் கொடுக்கவில்லை, கவனக்குறைவோ வேண்டுமென்றோ விட்டுவிட்டார்கள் என்று வழக்குப் போட்டார். கேட்ட நஷ்டஈடு லட்சங்களில், டாலரில். வெளியிலிருந்து பார்த்தால் ஈகோ சண்டை மாதிரி இருக்கும். ஆனால் பட்டியலில் ஏறினால் கடையில் முன்வரிசை, சினிமா உரிமைக்குக் கூடுதல் விலை, வாழ்நாள் முழுக்கப் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்கிற பட்டம். ஏறாவிட்டால் புத்தகம் கடையின் பின் அலமாரிக்குப் போய்விடும். அங்கே போனால் விற்காது. விற்காததால் பட்டியலில் வராது.

டைம்ஸ் தரப்பின் வாதம்தான் எனக்கு இந்த மொத்த வரலாற்றிலும் பிடித்த பகுதி. வாராவாரம் விற்பனை விவரங்களின் அடிப்படையில் தொகுத்தது என்று வாசகரிடம் சொல்லிவந்த பத்திரிகை, கோர்ட்டில் போய், பட்டியல் என்பது கணிதபூர்வமான எண்ணிக்கை அல்ல, அது தலையங்கம் மாதிரி பத்திரிகையின் ஆசிரியப் பணி, ஆகவே பேச்சுரிமையின் பாதுகாப்பு அதற்கு உண்டு என்று வாதாடியது. 1986இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் பிளாட்டிக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. அவர்கள் பிடித்த நூல் வேறு: பட்டியலில் பிளாட்டியின் பெயரே இல்லை, அவரைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை, சொல்லாத ஒன்றுக்கு எப்படி வழக்கு? பெயர் இல்லை என்பதுதானே ஐயா அவருடைய புகாரே! சட்டப்படி தீர்ப்பு சரியாக இருக்கலாம், தர்க்கப்படி எனக்கு இன்னமும் ஜீரணிக்கவில்லை.

கேட்டு எழுதுவதற்கும் எண்ணி எழுதுவதற்கும் எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதை முதலில் காட்டியது புத்தகம் அல்ல, இசை. பில்போர்டு பத்திரிகையும் அதுவரை கடைகளுக்கு போன் போட்டுத்தான் ஆல்பம் பட்டியல் தயாரித்துவந்தது. 1991 மே மாதம் அதை நிறுத்திவிட்டு, கல்லாவில் பார்கோடு ஸ்கேன் ஆவதிலிருந்து நேரடியாகக் கணக்கெடுக்கும் சவுண்ட்ஸ்கேன் முறைக்கு மாறியது. பட்டியல் தலைகீழாகிவிட்டது. கிராமிய இசை மேலே வந்தது, ராப் மேலே வந்தது. ஒரு மாதத்துக்குள் என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழு முதலிடத்தில் உட்கார்ந்தது. மக்களின் ரசனை ஒரே வாரத்தில் மாறியிருக்காது. கறுப்பின இளைஞர்களும் கிராமத்து வெள்ளையர்களும் என்ன வாங்குகிறார்கள் என்பது போனில் பதில் சொன்னவர்களின் கண்ணில் அதுவரை படவில்லை, அவ்வளவுதான்.

அதே யோசனை புத்தகத்துக்கு புக்ஸ்கேன் என்ற பெயரில் 2001இல் அமெரிக்காவுக்கு வந்தது. அதற்குள் டைம்ஸ் பட்டியலுக்கு இன்னொரு அடியும் விழுந்திருந்தது. 1995இல் இரண்டு நிர்வாக ஆலோசகர்கள் எழுதிய புத்தகம் பட்டியலில் வாரக்கணக்கில் இருந்தது. டைம்ஸுக்குத் தகவல் கொடுக்கும் கடைகளாகப் பார்த்து ஆயிரக்கணக்கான பிரதிகளை அவர்கள் தரப்பே வாங்கிக் குவித்தது என்று பிசினஸ்வீக் எழுதியது. அவர்கள் மறுத்தார்கள். டைம்ஸ் அதன்பின், மொத்தக் கொள்முதல் இருப்பதாகத் தெரியும் புத்தகங்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குத்துவாள் குறி போட ஆரம்பித்தது. அரசியல்வாதிகளின் சுயசரிதைகளுக்குப் பக்கத்தில் இதை அடிக்கடி பார்க்கலாம். பட்டியலைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும், எந்தக் கூடையில் எதைப் போடுவது என்பது மனிதன் எடுக்கிற முடிவு. 2000ஆம் ஆண்டில் ஹாரி பாட்டர் புத்தகங்கள் புனைவுப் பட்டியலின் உச்சியில் ஒரு வருஷத்துக்கும் மேலாக அசையாமல் உட்கார்ந்திருந்தன. மற்ற பதிப்பகங்கள் புலம்பின. நாலாவது பாகம் வந்த ஜூலை மாதமே குழந்தைகளுக்கென்று தனிப்பட்டியல் பிறந்தது. பெரியவர்கள் பட்டியலில் ஒரேயடியாக இடம் காலி. காமிக்ஸுக்கு 2009 மார்ச்சில் தனிப்பட்டியல் கொடுத்தார்கள், 2017 ஜனவரியில் பிடுங்கிவிட்டார்கள், 2019இல் மாதப் பட்டியலாகத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தப் பட்டியல் இருந்தவரை ஒரு நல்ல காரியம் செய்தது. காமிக்ஸ் என்றால் சூப்பர் ஹீரோ, வாசகன் என்றால் இருபது வயதுப் பையன் என்ற எண்ணத்தை உடைத்தது. வாராவாரம் பேட்மேனோடு போட்டி போட்டது ராய்னா டெல்கமையரின் 'ஸ்மைல்'. கீழே விழுந்து முன்பற்களை உடைத்துக்கொண்ட ஒரு பள்ளிச் சிறுமியின் கதை.

சூப்பர் ஹீரோ காமிக்ஸின் விற்பனைக் கணக்கு தனிக் கூத்து. 1991இல் வெளிவந்த 'எக்ஸ்-மென்' முதல் இதழ் 81 லட்சம் பிரதிகள், கின்னஸ் சாதனை. அத்தனை பேர் படித்தார்களா? அந்த எண் கடைகள் வாங்கிய எண்ணிக்கை, வாசகர் வாங்கியது அல்ல. காமிக்ஸ் கடைகளுக்கு விற்காததைத் திருப்பி அனுப்பும் வசதியும் கிடையாது. அதோடு ஐந்து வெவ்வேறு அட்டைகள் போட்டதால் ஒரே ஆள் ஐந்தையும் வாங்கினார். நாளைக்கு விலை ஏறும் என்று பெட்டியில் அடுக்கினார்கள். அடுத்த வருஷம் சூப்பர்மேன் சாகும் இதழைக் கறுப்பு உறையில் போட்டு ஒட்டி விற்றார்கள். பிரித்தால் மதிப்பு போய்விடும் என்று பிரிக்காமலே வைத்தவர்கள் ஏராளம். படிக்காமல் இருப்பதற்காகவே வாங்கிய புத்தகம்! எல்லாரும் பெட்டியில் வைத்திருந்தால் எது அரிதாகும்? சந்தை சரிந்தது, கடைகள் மூடின, 1996 டிசம்பரில் மார்வெல் நிறுவனமே திவால் நோட்டீஸ் கொடுத்தது.

வாங்குவது வேறு, படிப்பது வேறு என்றால், படிப்பதை எப்படி எண்ணுவது? பிரிட்டனில் 1979இல் போட்ட ஒரு சட்டப்படி, நூலகத்தில் புத்தகம் இரவல் போகிற ஒவ்வொரு தடவைக்கும் எழுத்தாளருக்குச் சிறு தொகை கிடைக்கும். அதற்காக இரவல் கணக்கு எடுத்தபோது வருஷாவருஷம் உச்சியில் வந்தவர் கேத்தரின் குக்சன். டைன் நதிக்கரையின் ஏழைக் குடும்பங்களைப் பற்றி எழுதியவர், அங்கேயே பிறந்தவர். விமர்சகர்கள் பெரிதாக மதித்ததில்லை. நம் ஊரில் இப்படி ஒரு கணக்கு எடுத்தால் யார் பெயர் வரும் என்று யோசித்துப் பார்த்தேன். நாட்டுடைமை ஆனபின் பல பதிப்பகங்கள் போடுகிற 'பொன்னியின் செல்வ'னின் விற்பனையைக் கூட்டவே ஒரு தனி டீம் வேண்டும்.

2014இல் கணிதப் பேராசிரியர் ஜோர்டன் எல்லன்பர்க் பாதி விளையாட்டாக ஒரு வழி சொன்னார். கிண்டிலில் வாசகர்கள் அதிகம் அடிக்கோடிட்ட ஐந்து இடங்கள் எந்தெந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று பார். சராசரி எடுத்து மொத்தப் பக்கத்தால் வகு. எல்லாரும் முதல் அத்தியாயத்திலேயே கோடு போட்டிருந்தால், அதற்கு மேல் யாரும் போகவில்லை என்று பொருள். ஸ்டீபன் ஹாக்கிங்கின் 'காலத்தின் சுருக்கமான வரலாறு' 6.6 சதவீதம். அந்த வருஷத்தின் பரபரப்பான புத்தகம், பொருளாதார நிபுணர் பிக்கெட்டியின் 'மூலதனம்', வெறும் 2.4. 'தி கோல்ட்ஃபின்ச்' என்ற பருமனான நாவல் 98.5.

அமேசான் இதை விளையாட்டாக விடவில்லை. மாதச் சந்தாவில் படிக்கும் திட்டத்தில், வாசகர் புத்தகத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டினால் எழுத்தாளருக்குப் பணம் என்று முதலில் வைத்திருந்தது. உடனே இருபது பக்கப் புத்தகங்கள் குவிந்தன. இரண்டு பக்கம் புரட்டினால் போதுமே. 2015 ஜூலையில் விதியை மாற்றி, படித்த பக்கத்துக்கு இவ்வளவு என்றது. ஆனால் மென்பொருள் எண்ணியது புரட்டிய பக்கங்களை அல்ல, வாசகர் எட்டிய கடைசி இடத்தை. ஆகவே சிலர் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே "பரிசைப் பெற இங்கே தொடவும்" என்று ஒரு இணைப்பு வைத்தார்கள். தொட்டால் நேராகக் கடைசிப் பக்கம். ஆயிரக்கணக்கான பக்கங்கள் படித்ததாகக் கணக்கு ஏறிவிடும். 2016இல் அமேசான் ஒரு வாசகருக்கு ஒரு புத்தகத்தில் 3,000 பக்கம்தான் கணக்கு என்று உச்சவரம்பு போட்டது. கொஞ்ச நாளில் 3,000 பக்கத்தை ஒட்டிய புத்தகங்கள் வர ஆரம்பித்தன.