பத்து ஆண்டுகளை எந்த நாளிலிருந்து எண்ணுவது?

கொடுமுடியை அடுத்த சாலைப்புதூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஏலம் போகும் தேங்காய்ப் பருப்பும் எள்ளும் எண்ணெயாகிக் கடைக்கு வரும்போது, ஓர் ஆலையின் எண்ணெயை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டுவது டின்னில் உள்ள பெயர்தான். அந்தப் பெயரைப் பதிவு செய்யக் காட்டும் அக்கறையைப் புதுப்பிக்க யாரும் காட்டுவதில்லை என்பது என் வருத்தம்.

1999ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டப்படி பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பலரும் சான்றிதழ் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள்; கணக்கு தொடங்குவதோ விண்ணப்பித்த நாளில். யாரேனும் ஆட்சேபித்து விசாரணை நீண்டிருந்தால், சான்றிதழ் வருமுன்பே சில ஆண்டுகள் கரைந்திருக்கும்.

காலம் முடிய ஓராண்டு இருக்கும்போதே புதுப்பிக்கலாம். இணையவழியில் ஒரு பொருள் வகைக்கு 9,000 ரூபாய். முடிந்து 6 மாதத்துக்குள் என்றால் கூடுதலாக 4,500. அதையும் தவறவிட்டவர், முடிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் புதுப்பிப்புக் கட்டணத்தோடு மேலும் 9,000 செலுத்தி மீட்கலாம். ஆனால், அது நியாயமென்று பதிவாளர் கருத வேண்டும்.

அந்த ஓராண்டும் போய்விட்டால்? காலம் முடியுமுன் உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்புவது பதிவாளரின் கடமை. அனுப்பாமல் பதிவை நீக்கியது செல்லாது என்று 2013இல் சிப்லா நிறுவனத்தின் வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரிய நிறுவனத்துக்குக் கிடைத்த இந்தத் தீர்ப்பு சிறு ஆலைக்காரருக்கே அதிகம் பயன்படும். ஆனால், தந்தை மறைந்த பின்னும் பதிவேட்டில் பெயரையும் முகவரியையும் மாற்றாத குடும்பத்துக்கு, அறிவிப்பு வரவில்லை என்று வாதாடுவது கடினம்.